வீட்டுப் பட்டறை: ஒழுகும் ஹோஸை வெட்டத் தயங்காதீர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹோஸ் பற்றியவை. மழை மாதங்களில் சுருட்டிப் போட்டதைப் பிப்ரவரி வெயிலில் விரித்துப் பார்க்கும்போதுதான் அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியவரும். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் ஹோஸுக்கே கொடுத்துவிடுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் 31 ஆண்டுகள் கப்பல் பட்டறையில் குழாய் பொருத்தும் வேலை பார்த்தவன். இப்போது சிங்கப்பூரின் செம்பவாங்கில் எங்கள் புளோக்கின் சமூகத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இதோ முதல் கடிதம்.

எங்கள் வீட்டு வாசலில் கறிவேப்பிலை, துளசி, செம்பருத்தி எல்லாம் வைத்திருக்கிறேன். குளியலறைக் குழாயில் இருந்து 15 மீட்டர் ஹோஸ் இழுத்துத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. நடுவில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. கறுப்பு டேப் சுற்றினேன். இரண்டு நாள் நின்றது, பிறகு டேப்பின் ஓரத்தில் இருந்து சொட்ட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரர் தூக்கிப் போடச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. சரிசெய்ய முடியுமா? – வாசகி, ஈசூன்

முடியும் அம்மா. ஆனால் டேப்பால் முடியாது. ஏன் என்று சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

உங்கள் ஹோஸின் வாயைப் பாருங்கள். சுவர் ஒரே கனமாக இருக்காது. உள்ளே ஒரு குழாய், அதன் மேல் வலை போல நூல், அதற்கு மேல் பச்சைத் தோல். தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூல் வலைதான். உள் குழாயில் ஓர் இடத்தில் கீறல் விழுந்தால் தண்ணீர் நேராக வெளியே வந்துவிடாது. நூல் வலை வழியாக ஊர்ந்து போய், மேல் தோலில் எங்கே பலவீனமோ அங்கே வெளியேறும். நீங்கள் சொட்டும் இடத்தில் டேப் சுற்றினீர்கள். கீறல் அங்கிருந்து நாலு விரல் தள்ளி இருந்திருக்கலாம். ஓட்டையை அடைத்ததும் தண்ணீர் அடுத்த வழியைத் தேடிப் போனது, அவ்வளவுதான். அதோடு, ஹோஸை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல டேப்பின் பசைக்குள் இறங்கிப் பசையைக் குழையவைத்துவிடும். கையில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்குமே, அது இதனால்தான்.

ஒழுகும் இடத்தை மூடி மறைக்காதீர்கள், வெட்டி எடுத்துவிடுங்கள். வீட்டில் ஹோஸ் பழுதுபார்க்கிறவர்கள் பெரும்பாலோர் தவறுவது இந்த ஓர் இடத்தில்தான். முழுசாக இருக்கும் பொருளை வெட்டக் கை வராது. எனக்கும் வந்ததில்லை. 1975இல் பட்டறையில் சேர்ந்த புதிதில், காற்று ஹோஸ் ஒன்று, கப்பலை நீரின்றி நிறுத்திப் பழுதுபார்க்கும் உலர்துறையில் சீறிக்கொண்டிருந்தது. நான் ரப்பர் துண்டும் கம்பியும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மண்டோர், அதாவது மேஸ்திரி, ஒரு மலாய்க்காரர், அதிகம் பேசமாட்டார். பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு "பொத்தோங்" என்றார். வெட்டு என்று பொருள். நான் தயங்கினேன். அவரே கத்தியை வாங்கிக் கீறலுக்கு இரு பக்கமும் ஒரு கை அகலம் விட்டு வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் பித்தளை இணைப்பு வைத்து முடுக்கினார். ஐந்து நிமிட வேலை. அந்த ஹோஸ் அதன்பிறகு பல வருடம் உழைத்தது. ஒழுகும் ஹோஸைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இன்றும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

சரி, செய்முறைக்கு வருவோம். முதலில் ஒழுகும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஹோஸை வளைவில்லாமல் விரித்து, முனையில் உள்ள தெளிப்பானை மூடி, குழாயைப் பாதி திறந்துவிடுங்கள். பழைய துணியால் முழு நீளத்தையும் ஈரம் போகத் துடைத்து, அடியில் செய்தித்தாள் விரித்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். எங்கே நனைகிறது என்று தாள் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தைச் சுற்றிக் கைவிரலால் அழுத்திப் பாருங்கள். தோலுக்கு அடியில் கொப்புளம் போல உப்பியிருந்தால் தண்ணீர் அதுவரை ஊர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கொப்புளத்தையும் சேர்த்து மார்க்கரால் கோடு போடுங்கள்.

தண்ணீரை நிறுத்தி, தெளிப்பானைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு வெட்டுங்கள். காகிதம் வெட்டும் கட்டர் கத்தி போதும். கூர்மையான புது பிளேடு போட்டுக்கொள்ளுங்கள். வெட்டு நேராக இருக்க வேண்டும். சாய்வாக வெட்டினால் ஒரு பக்கம் இணைப்பின் மேல் ஏறி உட்காரும், மறுபக்கம் பாதியில் நின்றுவிடும். ரம்பம் வேண்டாம், ஓரம் பிசிறிவிடும்.

வெட்டி எடுத்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். "ஹோஸ் ஜாயின்ட்" என்று கேட்டால் இரு பக்கமும் வரிவரியாகப் பல் வைத்த ஒரு சிறு குழாயைக் காட்டுவார்கள். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அரை அங்குல ஹோஸ், அதாவது உள்வாய் 12 அல்லது 13 மில்லிமீட்டர். ஆனால் 15, 19 மில்லிமீட்டர் ஹோஸ்களும் உண்டு. கண் அளவை நம்பி வாங்கி மறுபடியும் கடைக்கு நடந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். துண்டு கையில் இருந்தால் அங்கேயே செருகிப் பார்த்துவிடலாம். பிளாஸ்டிக்கும் இருக்கும், பித்தளையும் இருக்கும். தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குப் பித்தளை என்பேன். கூடவே ஒரு ஜாயின்ட்டுக்கு இரண்டு என்று எவர்சில்வர் ஹோஸ் கிளிப் வாங்குங்கள். எல்லாம் சேர்த்துச் சில வெள்ளிதான் ஆகும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, கிளிப் இரண்டையும் ஹோஸில் மாட்டிப் பின்னுக்குத் தள்ளிவைப்பது. இதை மறந்துவிட்டு ஜாயின்ட்டைச் செருகிவிட்டால், மறுபடி பிடுங்க வேண்டியிருக்கும். பிடுங்குவது செருகுவதைவிடப் பெரும்பாடு. பிறகு ஒரு குவளையில் சூடான நீர் எடுத்து ஹோஸின் வாயை அரை நிமிடம் முக்குங்கள். தேநீர் போடும் சூடு இருந்தால் சரி, அடுப்பு நெருப்பில் காட்டக்கூடாது. தோல் இளகிவிடும். சூடு ஆறுவதற்குள் ஜாயின்ட்டைத் திருகித் திருகி, நடுவில் உள்ள விளிம்பு முட்டும் வரை தள்ளுங்கள். வழுக்க வேண்டுமென்றால் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு தடவலாம். சமையல் எண்ணெய் தடவாதீர்கள். உலராமல் உள்ளேயே இருந்து, பிறகு அழுத்தம் ஏறும்போது ஜாயின்ட்டை நழுவவிடும்.

கிளிப்பை ஹோஸின் விளிம்பில் வைக்காமல் பல்லின் மேல் வருமாறு சற்று உள்ளே தள்ளி வைத்து முடுக்குங்கள். ஹோஸின் தோல் கிளிப்பின் துவாரங்களுக்குள் இலேசாகப் பிதுங்கும்போது நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் முடுக்கினால் தோலையே அறுக்கும். மறுநாள் ஒரு அரைத் திருகு கொடுங்கள். அழுத்தத்தில் பிளாஸ்டிக் மெல்லப் படியும், முதல் நாள் இறுக்கமாக இருந்தது மறுநாள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். இந்த மறுநாள் திருகை யாரும் சொல்லித்தருவதில்லை. பல ஜாயின்ட்டுகள் ஒரு வாரம் கழித்துச் சொட்டுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் உங்கள் ஹோஸ் ஐந்து வயது என்பதால், வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒழுகாத ஓர் இடத்தில் பிடித்து நன்றாக மடக்குங்கள். மடித்த இடம் வெளுத்து, நுண்ணிய கோடுகள் ஓடினால் அந்த ஹோஸுக்கு வயதாகிவிட்டது. ஹோஸ் செய்யும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் இயல்பிலேயே விறைப்பான பொருள். வீடு கட்டும்போது பதிக்கிற கெட்டிக் குழாயும் அதே பொருள்தான். எண்ணெய்ப் பொருள் ஒன்றைச் சேர்த்துத்தான் அதை வளையவைக்கிறார்கள். நம் ஊர் வெயிலும் சூடும் வருடக்கணக்கில் அந்த எண்ணெயைக் குடித்துவிடும். அப்படிப்பட்ட ஹோஸில் இன்று மூன்று இடம், அடுத்த மாதம் ஆறு இடம். அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், உங்கள் வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுவிடுங்கள். வளைத்துப் பார்த்து மிருதுவாக இருந்தால் மூன்று ஜாயின்ட் போட்டுத் தாராளமாக ஓட்டலாம். மூன்று இடமும் அருகருகே இருந்தால் அந்தப் பகுதியை மொத்தமாக வெட்டி ஒரே ஜாயின்ட்டாக முடித்துவிடுங்கள். 15 மீட்டரில் ஒரு மீட்டர் குறைந்தால் உங்கள் செம்பருத்திக்குத் தெரியவா போகிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹோஸை நடைபாதையில் போட்டுவைத்து மறந்துவிடாதீர்கள். 1.2 மீட்டர் வழி எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும் என்பது விதி. விதியை விடுங்கள், பக்கத்து வீட்டில் தடியூன்றி நடக்கிற பெரியவர் இருந்தால் அவருக்கு அந்த ஹோஸ் ஒரு கண்ணி.

ஹோஸ் நன்றாகத்தான் இருக்கிறது. குழாயோடு சேரும் இடத்தில்தான் பீய்ச்சுகிறது. வெள்ளை டேப்பைத் தடிமனாகச் சுற்றியும் நிற்கவில்லை. இணையத்தில் வாங்கிய நல்ல பித்தளை கனெக்டர். – வாசகர், தெம்பனிஸ்

ஹோஸ் ஒழுகுகிறது என்று என்னிடம் கொண்டுவருகிறவர்களில் பலருக்கு உண்மையில் ஒழுகுவது இந்த இடம்தான்.

கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். அடியில் தட்டையான ரப்பர் வாஷர் ஒன்று இருக்க வேண்டும். இல்லாமல் இருக்கலாம், அல்லது கெட்டியாகி வெடித்திருக்கலாம். இந்த வகை இணைப்பில் தண்ணீரைத் தடுப்பது வாஷர்தான். மரை, அதாவது திருகு வரி, அதை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவே. வாஷர் இல்லாமல் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் பயன் இல்லை. காசுக்கணக்கில் கிடைக்கிற பொருள் அது. வாஷரை மாற்றிவிட்டுக் கையால் மட்டும் முடுக்குங்கள். ஸ்பானர் போட்டால் புது வாஷரும் நசுங்கிவிடும்.

அப்புறம், "இணையத்தில் வாங்கியது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குச் சந்தேகம். நம் ஊர்க் குழாய்களில் இருப்பது பிரிட்டிஷ் மரை. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் ஓர் அங்குல நீளத்துக்கு 14 சுற்று இருக்கும். அமெரிக்கத் தோட்ட ஹோஸ் மரை வேறு, அங்குலத்துக்குப் பதினொன்றரைச் சுற்று. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முக்கால் அங்குலக் குழாயில் ஒரு சுற்று, இரண்டு சுற்று ஏறவும் செய்யும். பிறகு சிக்கும். சிக்கியதை இறுகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். உங்கள் கனெக்டர் இரண்டாவது சுற்றிலேயே நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளூர்க் கடையில் வாங்குங்கள். பலவந்தமாகத் திருகினால் கெடுவது குழாயின் மரை. அதை மாற்றுவது பெரிய வேலை.

வெள்ளை டேப் தேவைப்படும் இடங்களும் உண்டு. மரையே தண்ணீரைத் தடுக்க வேண்டிய இணைப்புகள் அவை. அங்கே குழாயின் வாய் உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் ஐந்தாறு சுற்று, இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் கனெக்டரைத் திருகும்போதே டேப் உரிந்துகொண்டு வரும்.

சட்டென்று மாட்டிக் கழற்றும் கிளிக் கனெக்டராக இருந்தால், உள்ளே மெல்லிய வளையம் ஒன்று இருக்கும். ஓ-ரிங் என்பார்கள். அது காய்ந்துபோனால் பீய்ச்சும். புது வளையம் போட்டுச் சிலிகான் கிரீஸ் துளி தடவுங்கள். வாஸ்லின் தடவுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அது சில வகை ரப்பரை உப்பவைத்துவிடும், வேண்டாம்.

சூப்பர் குளூ ஒட்டினால் நிற்குமா? சூடான கம்பியால் உருக்கி ஒட்டலாமா? – வாசகர், புக்கிட் பாத்தோக்

இரண்டும் வேண்டாம் தம்பி. சூப்பர் குளூ காய்ந்தால் கண்ணாடி போல விறைக்கும். ஹோஸ் வளையும், பசை வளையாது, முதல் வளைவிலேயே விட்டுவிடும். உருக்குவது அதைவிட மோசம். பி.வி.சி. கருகினால் வரும் புகையில் அமிலம் இருக்கிறது, நெஞ்சைப் பிடிக்கும். மூடிய சமையலறையில் செய்து பார்க்கவே கூடாது. அவசரத்துக்கு ஏதாவது வேண்டுமென்றால், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப் கிடைக்கிறது. பசை கிடையாது. இரண்டு மடங்கு நீளம் வரும்வரை இழுத்து, பாதி பாதி மேலேறுமாறு ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் ஒரே ரப்பராகிவிடும். ஊசித் துளைக்கு அது சில மாதம் தாங்கும். நீளக் கீறலுக்குத் தாங்காது. அதற்கு நான் முதலில் சொன்ன கத்திதான்.

சொட்டுச் சொட்டாகத்தான் ஒழுகுகிறது. தண்ணீர்க் கட்டணத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டுமா? – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். வினாடிக்கு ஒரு சொட்டு என்று வையுங்கள். ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. ஆக 4.3 லிட்டர், மாதத்துக்கு ஏறக்குறைய 130 லிட்டர். 2025 ஏப்ரல் முதல் ஒரு கனமீட்டர் தண்ணீர், மாதம் 40 கனமீட்டர் வரை, பொருள் சேவை வரி சேராமல் 3.24 வெள்ளி. அந்தக் கணக்கில் உங்கள் ஒழுக்கின் விலை மாதம் 50 காசுகூட இல்லை. நீங்கள் சொல்வது சரிதான், கட்டணச் சீட்டில் தெரியாது.

ஆனால் 130 லிட்டர் என்பதைப் பாருங்கள். 2030க்குள் ஒரு ஆள் வீட்டில் ஒரு நாளைக்குப் பயன்படுத்துவதை 130 லிட்டருக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் பொதுப் பயனீட்டுக் கழகம் வைத்திருக்கும் இலக்கு. ஒரு மனிதர் ஒரு நாள் முழுக்கக் குளித்து, சமைத்து, துவைக்கும் தண்ணீர் உங்கள் ஹோஸில் இருந்து மாதந்தோறும் யாருக்கும் பயனில்லாமல் போகிறது.

எனக்கு இதைக் காசாகப் பார்க்க வராது. 1963 ஏப்ரலில் இங்கே தண்ணீர்ப் பங்கீடு தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. மழை பொய்த்துவிட்டது. மறுவருடம் பிப்ரவரி வரை நீடித்தது. நாங்கள் கம்பத்தில், அதாவது கிராமத்துக் குடியிருப்பில் இருந்தோம், வீட்டுக்குள் குழாய் கிடையாது. பொதுக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு நானும் அக்காவும் வாளியோடு நிற்போம். அந்தக் குழாயின் கழுத்தில் ஒரு கசிவு. அம்மா கூடவே ஒரு அலுமினியக் குவளையைக் கொண்டுவந்து, எங்கள் முறை வரும்வரை அந்தக் கசிவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வாளி நிறையும்போது குவளையும் நிறைந்திருக்கும். அந்தக் குவளைத் தண்ணீரில்தான் எங்கள் வீட்டு முருங்கைக் கன்று பிழைத்தது.

நம் தண்ணீரில் ஒரு பகுதி இன்னும் ஜோகூரில் இருந்து வருகிறது. 1962இல் போட்ட அந்த ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. மற்றதை மழையில் இருந்தும், கடலில் இருந்தும், பயன்படுத்திய தண்ணீரைச் சுத்திகரித்தும் எடுக்கிறார்கள். எளிதாகக் கிடைக்கிற சொட்டு ஒன்றுகூட இல்லை. அரை மணி நேரம் ஒதுக்கி அந்த ஹோஸைச் சரிசெய்துவிடுங்கள் ஐயா.

நாங்கள் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். அக்கா அதே புளோக்கில் 12ஆவது மாடி. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஹோஸ். எங்களுடையது ஒரு வருடத்தில் வெடித்துவிட்டது, அக்காவுடையது இன்னும் புதுசு போல இருக்கிறது. ஏன்? – வாசகி, அங் மோ கியோ

உயரம்தான் காரணமாக இருக்கும். தண்ணீர் 10 மீட்டர் கீழே இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடும். 12ஆவது மாடி, கூரைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பல புளோக்குகளில் கீழ் மாடிகளுக்குத் தண்ணீர் தெருக் குழாயில் இருந்தே நேராக வருகிறது, அதில் வேகம் அதிகம். உங்கள் ஹோஸ் அக்காவின் ஹோஸைவிடப் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கியிருக்கிறது.

ஆனால் வெடித்தது வெறும் அழுத்தத்தால் இருக்காது. தண்ணீர் ஊற்றி முடித்ததும் தெளிப்பானை மட்டும் மூடிவிட்டு, குழாயைத் திறந்தபடியே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மறுநாளும் ஊற்ற வேண்டுமே என்று எல்லாரும் செய்வதுதான். அப்படி வைத்தால் 24 மணி நேரமும் ஹோஸ் முழு அழுத்தத்தில் விறைத்துக் கிடக்கும். மதிய வெயிலில் பிளாஸ்டிக் இளகும், உள்ளே இருக்கும் தண்ணீரும் சூடாகி விரியும். எங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு ஹோஸ் மத்தியானம் வெடித்து, பக்கத்தில் நின்ற சைக்கிள்களையெல்லாம் குளிப்பாட்டியது. அதன்பிறகு குழாய்க்குப் பக்கத்தில் ஓர் அட்டை மாட்டிவிட்டேன்: முதலில் குழாயை மூடு, பிறகு தெளிப்பானை அழுத்தி மிச்சத்தை வெளியேற்று. இந்த வரிசையை மாற்றக்கூடாது.

வீட்டுக்குள் இருந்து ஹோஸ் இழுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் வெடித்தால் தண்ணீர் உங்கள் வீட்டோடு நிற்காது, கீழ் வீட்டுக் கூரைக்கும் இறங்கும்.

உங்களுக்கு உடைந்த இடம் நடுவில் இருந்தால் வெட்டி ஜாயின்ட் போடலாம். உங்கள் மாடிக்குக் கிளிப் இல்லாத, கையால் திருகும் பிளாஸ்டிக் ஜாயின்ட் வேண்டாம். பித்தளையும் எவர்சில்வர் கிளிப்பும் போடுங்கள்.

தண்ணீர் விட்டால் மூன்று மடங்கு நீளும் துணி ஹோஸ் வைத்திருக்கிறேன். துணிக்குள் இருந்து தண்ணீர் கொட்டுகிறது. இதையும் வெட்டி ஒட்டலாமா? – வாசகர், சிராங்கூன்

அது வேறு சாதி. உள்ளே பலூன் போன்ற மெல்லிய ரப்பர் குழாய், வெளியே துணி உறை. ரப்பர் கிழிந்தது கனெக்டருக்குப் பக்கத்தில் என்றால் மட்டும் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி கனெக்டரில் மாட்டலாம். நடுவில் கிழிந்திருந்தால் முடியாது. நான் முயன்று பார்த்து இரண்டு முறை தோற்றிருக்கிறேன். அடுத்த முறை நூல் வலை வைத்த சாதாரண ஹோஸ் வாங்குங்கள், பழுதுபார்க்க வழி இருக்கும்.

எங்கள் சமூகத் தோட்டத்தில் ஹோஸ் ஒழுகி, அடியில் எப்போதும் ஈரமாக இருக்கிறது. கொசு வரும் என்று ஒருவர் சண்டை போடுகிறார். ஈரத்துக்கெல்லாம் கொசு வருமா? – வாசகி, பொங்கோல்

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மண் ஈரமாக இருப்பதால் மட்டும் கொசு வராது. தேங்கினால் வரும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணய அளவுத் தேங்கலே போதும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம். ஒழுகும் ஹோஸுக்குக் கீழே இருக்கும் பூந்தொட்டித் தட்டு, ஹோஸ் சுற்றிவைக்கும் சக்கரத்தின் அடிக்குழி, இறுகிப்போன மண்ணின் மேல் பள்ளம் என்று மூன்று இடத்தையும் இன்றே பாருங்கள். தட்டைக் கவிழ்த்துவிடுங்கள், இறுகிய மண்ணைக் கொத்திவிடுங்கள், ஒழுக்கை நிறுத்துங்கள். அவரையும் கூட அழைத்துக்கொண்டு செய்யுங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் இந்தச் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியதே அக்கம்பக்கத்தார் சேர்ந்து மண்ணைத் தொட வேண்டும் என்றுதானே.

இன்னொரு பழக்கத்தையும் நிறுத்துங்கள். உரம் கலந்த வாளிக்குள் ஹோஸின் முனையை முக்கிவிட்டுப் போகிறார்கள். குழாயில் திடீரென்று அழுத்தம் குறைந்தால் அந்த உரத்தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் குழாய்க்குள் போகலாம். ஹோஸின் வாய் எப்போதும் வாளியின் விளிம்புக்கு மேலேயே இருக்கட்டும்.

தாத்தா, நான் தொடக்கநிலை ஆறு படிக்கிறேன். எங்கள் பாட்டி ஹோஸ் ஒழுகுவதால் வாளியில் தண்ணீர் தூக்குகிறார். பாட்டிக்கு முழங்கால் வலி. நானே சரிசெய்ய முடியுமா? – மாணவன், உட்லண்ட்ஸ்

முடியும் கண்ணா. முதல் கேள்விக்கு நான் எழுதிய பதிலைப் பாட்டியோடு உட்கார்ந்து படி. ஹோஸைத் துடைப்பது, செய்தித்தாள் விரிப்பது, நனையும் இடத்தில் கோடு போடுவது எல்லாம் உன் வேலை. கத்தியும் சுடுதண்ணீரும் மட்டும் அப்பா அல்லது அம்மா கையில் இருக்கட்டும். கிளிப்பை நீயே முடுக்கு. கடிகார முள் திசையில் திருகினால் இறுகும். மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் மறக்காமல் அரைத் திருகு.

வெட்டிய துண்டு மிச்சம் இருக்குமே, அதையும் வைத்துக்கொள். நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீறித் தரச் சொல்லி, பாட்டியின் வாளிக் கைப்பிடியில் மாட்டிவிடு. ஹோஸ் சரியான பிறகும் அவர் வாளி தூக்கத்தான் செய்வார், கம்பி கையை அறுக்காமல் இருக்கும்.